நீலப் பீப்பாய்

கயானி நகரில் அந்தச் சீன உணவகத்தை மூடியபோது
மேசை நாற்காலிகள் ஒரே காலையில் விலைபோயின.
வாசல் குளத்து மீன்கள் ஆறையும்
யாரும் கேட்கவில்லை.

ரொட்டி வாங்கப் போன துய்ரே
இரண்டு குளிர்பெட்டிகளோடு வந்து நின்றாள்.
கண்ணாடியில் பனி. மூக்கு சிவந்திருந்தது.
"சவுனாவை விட்டால் வேறு இடமில்லை" என்றாள்.

இந்த ஊரில் ஒருவன்
படகைக் கடன் கொடுப்பான், பல்லைக் கூடக் கொடுப்பான்.
சவுனாவைக் கொடுக்கமாட்டான்.
நான் கொடுத்தேன்.
பெருந்தன்மை எல்லாம் இல்லை,
அன்று அவளோடு வாதாடத் தெம்பில்லை.

பலகைகளைக் கழற்றி அடுப்பை அணைத்து
ரப்பர் விரித்து இரண்டாயிரம் லிட்டர் நிரப்பினோம்.
மூன்றாம் நாளே கழுநீர் மாதிரி ஆகிவிட்டது.
மீன்கள் மேலே வந்து
காற்றை மென்றன.

கடையில் வடிகட்டியின் விலை
என் ஓய்வூதியத்தில் இரண்டு மாதம்.
உர்போவின் பண்ணையில் வெள்ளரி ஊறிய
நீலப் பீப்பாய் ஒன்று சும்மா கிடந்தது.
ஏழு முறை கழுவியும் காடி வாசம் போகவில்லை.
அடியில் ஒரு துளை, மேலே ஒரு துளை,
அடியில் போட்டது கோணல்.
அழுக்கு நீர் கீழே நுழைந்து
தூரிகைகளில் வண்டலை விட்டு
ஸ்பான்ஜில் ஏறி
பாத்திரம் துலக்கும் நைலான் பந்துகளைத் தாண்டி வழியவேண்டும்.
பந்து நாற்பது கேட்டேன்.
கடைக்காரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு
"கல்யாண விருந்தா?" என்றாள்.

ஓடியது.
ஓடினால் போதாது என்று அப்புறம்தான் தெரிந்தது.
வண்டலைப் பந்து பிடிக்கும்,
கண்ணுக்குத் தெரியாத நஞ்சை எது பிடிக்கும்?
அதைத் தின்கிற உயிர்கள் தாமாக வந்து
குடியேற ஆறு வாரம் ஆகுமாம்.
அழைப்பிதழ் கிடையாது. இடம் மட்டும் வைத்திருக்கவேண்டும்.

சோதனைக் குழாயில் தினமும் பச்சை.
தினமும் கால்வாசி நீரை மாற்றினோம்,
வெந்நீர் கலந்து, முழங்கை விட்டுச் சூடு பார்த்து.
ஜனவரி ஒன்பதாம் தேதி
முதுகில் கறுப்பு மச்சமிருந்தது மல்லாந்தது.
வெளியே மண்
கடப்பாரையைத் திருப்பி அனுப்பியது.
நாளிதழில் சுற்றி உறைபெட்டியில் வைத்தேன்,
போன கோடையில் நான் பிடித்த விலாங்குக்கு மேலே.
அந்த விலாங்கை இன்னும் சமைக்கவில்லை.

அன்றிரவு பம்ப் சத்தம் மாறியது கேட்டு எழுந்தேன்.
துய்ரே தரையில் உட்கார்ந்து
அடுப்புக் கற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
முப்பது வருஷம் சுட்டுச் சுட்டு
வெடித்துத் துளைவிட்ட கற்கள்.
"ஓட்டை இருந்தால்தானே குடிவருவார்கள்" என்றாள், திரும்பாமல்.

கல்லில் நீர் பட்டால் எழுவது ஆவி.
உயிருக்கும் அதே சொல்தான்.
நான் எதுவும் பேசவில்லை.
அடுப்பின் மூலையில் அவள் கைக்கு எட்டாத
கடைசிக் கல்லை எடுத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி இருபத்துநான்கு, குழாயில் மஞ்சள்.
வெளிச்சக் கோளாறு என்று நினைத்து
ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். மஞ்சள்தான்.
நீருக்கடியில் ரப்பரின் மடிப்புகள் எண்ணத் தெரிந்தன.
ஐந்து மீன்களும் மேலே வரவில்லை,
எங்களை மதிக்கவும் இல்லை.

இப்போது சனிக்கிழமைகளில்
துண்டும் சோப்புமாக உர்போ வீட்டுக்கு நடக்கிறோம்.
போகும் வழியெல்லாம்
அவன் சவுனாவில் சூடு போதாது என்று பேசுவோம்.
திரும்பி வந்து
கோணல் துளைக்குக் கீழே வைத்த வாளியைக்
காலி செய்யவேண்டும்.
மணிக்கு ஒரு குவளை.
எத்தனை சிலிக்கான் பூசியும் அது நிற்கவில்லை.